வானவடித் தோட்டத்துக்குச் சாதுவான தேனீ எது?

வீட்டில் தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எத்தனை கிலோ தேன் கிடைக்கும் என்று பிறகுதான் கேட்கிறார்கள். முதல் கேள்வி, "கொட்டாத தேனீ கிடைக்குமா?" என்பதுதான். புனே நகரின் வானவடியில் அது மிக நியாயமான கேள்வி. இங்கே வீட்டுத் தோட்டம் என்றால் பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சன்னலுக்குச் சில அடிகள் தள்ளி இருக்கிற ஒரு துண்டு நிலம், அல்லது குடியிருப்புச் சங்கத்தின் மொட்டை மாடி. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் சந்து, துணி காயும் கொடி, காலையில் பால் போடுகிறவர் வரும் வழி எல்லாமே தேனீ பறக்கும் பாதையில்தான் இருக்கின்றன.

அதே நேரத்தில், தேனீக்கு இது செழிப்பான ஊர். மகாத்ஜி ஷிண்டேயின் நினைவிடமான ஷிண்டே சத்திரி, குதிரைப் பந்தயத் திடல், எம்ப்ரஸ் தோட்டம், ராணுவ மருத்துவக் கல்லூரி, கண்டோன்மென்ட் சாலைகள் என்று சுற்றிலும் பழைய பெருமரங்கள் நிற்கின்றன. புங்கம், நாவல், வேம்பு, இயல்வாகை, தூங்குமூஞ்சி, முருங்கை, மதில்களில் படர்ந்த கொடிரோஸ் என்று உணவுக்குப் பஞ்சமில்லாத மாதங்கள் பல உண்டு. ஆகவே இங்கே தேனீ பிழைக்குமா என்ற ஐயம் வேண்டாம். மனிதர்களுக்கு நடுவே எந்தத் தேனீ பிழைக்கும் என்பதே ஆராய வேண்டியது.

இதற்குப் பதில் சொல்லும்போது பலரும் ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இத்தாலியத் தேனீ சாது என்பார் ஒருவர். நம் நாட்டுத் தேனீதான் சாது என்பார் இன்னொருவர். கொடுக்கே இல்லாத கொசுத் தேனீ இருக்கும்போது வேறு எதற்கு என்பார் மூன்றாமவர். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இனத்தின் பெயர் பாதி விடையைத்தான் தருகிறது. மீதிப் பாதி அந்தக் குறிப்பிட்ட கூட்டத்தின் ராணியிடமும், பருவத்திடமும், பெட்டியைத் திறக்கும் கையிடமும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்க்கிறது.

ஏற்கெனவே இங்கே குடியிருப்பவை

புனேயில் தேன் சேர்க்கும் தேனீக்கள் ஐந்து வகை. அவற்றுள் நான்கு இந்த மண்ணுக்கே உரியவை.

முதலாவது மலைத்தேனீ, மராத்தியில் ஆக்யா மோஹோள். உயர்ந்த கட்டடங்களின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் பால்கனியின் மேல்விளிம்பிலும் ஒரே ஒரு பெரிய அடையாகத் தொங்குவது இதுதான். மூன்று நான்கு அடி அகலம்கூட இருக்கும். இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் தேனீ இது. சீண்டினால் ஆயிரக்கணக்கில் கிளம்பி நெடுந்தூரம் துரத்தும். ஷிவ்நேரி போன்ற சஹ்யாத்ரிக் கோட்டைகளில் ஏறுகிறவர்களைத் தேனீக்கள் கொட்டியதாக வரும் செய்திகளில் பெரும்பாலும் இதுவே காரணம்.

இரண்டாவது கொம்புத் தேனீ, மராத்தியில் புலோரி. செம்பருத்திக் கிளையிலும் பால்கனிச் செடியிலும் உள்ளங்கை அளவில் ஒரு சிறிய அடை கட்டும். எளிதில் கொட்டாது. ஆனால் இதுவும் திறந்தவெளி அடைக்காரத் தேனீ, பெட்டிக்குள் தங்காது. ஆண்டுக்கு அரைக் கிலோ தேன் கிடைத்தாலே அதிகம். இது வந்து கூடு கட்டினால் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவதே நாம் செய்யக்கூடிய நல்ல காரியம்.

மூன்றாவது இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ, மராத்தியில் சாத்தேரி. மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டும். இருட்டில் வாழப் பழகியதால் பெட்டியை ஏற்கும். நான்காவது கொசுத் தேனீ, மராத்தியில் போயா. கொடுக்கு தேய்ந்துபோன சின்னஞ்சிறு தேனீ. இதையும் பெட்டியிலும் மண்பானையிலும் வளர்க்கலாம்.

ஐந்தாவது வெளியிலிருந்து வந்த ஐரோப்பியத் தேனீ. தேனீ வளர்ப்போர் பேச்சில் இத்தாலியத் தேனீ. ஆக, வீட்டுத் தோட்டத்துக்கான போட்டியில் நிற்பவை இந்தியத் தேனீ, கொசுத் தேனீ, இத்தாலியத் தேனீ ஆகிய மூன்றுதான்.

தேனீ ஏன் கொட்டுகிறது?

தேனீயைப் பொறுத்தவரை கொட்டுவது சண்டைக்குப் போவதல்ல, வீட்டைக் காப்பது. பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீ, மிதித்தாலோ பிடித்தாலோ தவிர, கொட்டுவதில்லை. கூட்டின் வாயிலில் காவல் நிற்கும் சில தேனீக்கள்தான் ஆபத்தை முதலில் உணர்பவை. ஒன்று கொட்டியவுடன் கொடுக்கோடு சேர்ந்த சுரப்பியிலிருந்து ஓர் எச்சரிக்கை மணம் பரவுகிறது. ஐசோபென்டைல் அசிடேட் அதன் முக்கியப் பொருள். பழுத்த வாழைப்பழ வாசனை வரும். அந்த மணம் பட்ட இடத்தை நோக்கி மற்றவையும் வரும். ஒரு கொட்டு பத்துக் கொட்டாவது இப்படித்தான். புகைப்பான் இந்த மணத்தை மறைக்கிறது; தேனீக்களைத் தேன் குடிக்கவும் தூண்டுகிறது. அதனால்தான் புகை அவற்றை அடக்குகிறது.

எத்தனை தேனீக்கள் காவலுக்கு நிற்கும், எவ்வளவு விரைவில் வெகுளும் என்பதில் பிறவிக்கூறுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கேதான் தேனீயின் திருமணம் நம் கணக்கைக் குழப்புகிறது. ராணி ஒரே ஒரு பருவத்தில் வானில் பறந்து பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு இணைகிறது. அந்த விந்தைச் சேமித்து வைத்து வாழ்நாள் முழுதும் முட்டையிடுகிறது. ஆகவே ஒரு பெட்டியில் இருப்பவை ஒரு தாய்க்குப் பிறந்தவை என்றாலும் பல தந்தையரின் பிள்ளைகள். தாயின் குணம் நமக்குத் தெரியும். தந்தையர் யார் என்பதை வானம்தான் முடிவு செய்கிறது. நல்ல இனத்து ராணியை வாங்கி வைத்தாலும், அடுத்த தலைமுறை ராணி அந்த வட்டாரத்து ஆண் தேனீக்களோடுதான் இணையும். இரண்டு தலைமுறையில் இனத்தின் பெயர் மட்டும் மிஞ்சலாம், குணம் மிஞ்சாமல் போகலாம்.

இதில் ஆறுதலான பக்கமும் உண்டு. உழைக்கும் பருவத்தில் பணித் தேனீயின் ஆயுள் சுமார் ஆறு வாரம். எரிச்சலான கூட்டத்தின் ராணியை நீக்கிச் சாதுவான கூட்டத்திலிருந்து ராணியைக் கொடுத்தால், இரண்டு மாதத்துக்குள் பெட்டியில் இருப்பவை எல்லாம் புதிய ராணியின் பிள்ளைகளாகிவிடும். குணம் மாறிவிடும். இதை நேரில் பார்த்த எவரும் சாதுத்தன்மை வளர்த்தெடுக்கக் கூடியது என்பதைப் பிறகு சந்தேகிப்பதில்லை.

உலகம் கற்ற பாடம்

ஐரோப்பியத் தேனீயில் சாதுவானவை என்று பெயர் பெற்றவை சில. இத்தாலிய வகை மஞ்சள் நிறமானது. அடையைத் தூக்கினால் அடையிலேயே நிற்கும். ஸ்லோவேனியா நாட்டுக்கு உரிய கார்னியோலன் வகை சாம்பல் நிறமானது. அமைதிக்குப் பெயர் போனது. ஸ்லோவேனியா தன் நாட்டில் அந்த ஒரு வகையை மட்டுமே வளர்க்க வேண்டும் என்று பாதுகாத்து வருகிறது. இங்கிலாந்தின் பக்ஃபாஸ்ட் மடத்துத் துறவி பிரதர் ஆடம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டின் தேனீக்களைக் கொன்று குவித்த நோயிலிருந்து தப்பிய கூட்டங்களை வைத்து, பல நாட்டுத் தேனீக்களைக் கலந்து பக்ஃபாஸ்ட் வகையை உருவாக்கினார். நோய் தாங்குவது, தேன் தருவது ஆகியவற்றோடு சாதுத்தன்மையையும் அளவுகோலாக வைத்துப் பல பத்தாண்டுகள் உழைத்தார். ஆனாலும் பக்ஃபாஸ்ட் ராணியின் மகள்கள் கண்டபடி இணைந்து பெற்ற கூட்டங்கள் சில மிகக் கோபக்காரக் கூட்டங்களாக மாறுவதை வளர்ப்போர் இன்றும் சொல்கிறார்கள்.

எதிர்த் திசையில் நடந்ததும் உண்டு. 1956-இல் வார்விக் கெர் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்கத் தேனீ ராணிகளைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு ரியோ கிளாரோ அருகே 26 கூட்டங்கள் தப்பின. அவற்றின் வழித்தோன்றல்கள் தென் அமெரிக்காவின் பெரும்பகுதியில் பரவி, 1990-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் வரை போயின. ஐரோப்பியத் தேனீயை வளர்த்துப் பழகியவர்கள், திடீரென்று கூட்டமாய்த் துரத்தும் தேனீயோடு வாழ வேண்டியதாயிற்று.

அதே ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீ 1994-இல் போர்ட்டோ ரிகோ தீவில் காணப்பட்டது. சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே அது சாதுவாகிவிட்டது. உருவமும் பிறவிக்கூறும் பெரும்பாலும் ஆப்பிரிக்கத் தேனீயுடையவை. குணம் மட்டும் ஐரோப்பியத் தேனீயுடையது. மக்கள் நெருக்கமாக வாழும் தீவில் முரட்டுக் கூட்டங்கள் அழிக்கப்பட்டுச் சாதுவானவை மட்டும் பெருகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கடல் சூழ்ந்த தீவாதலால் வெளியிலிருந்து முரட்டு ஆண் தேனீக்கள் வந்து கலக்கவும் வழியில்லை.

பக்ஃபாஸ்டும் போர்ட்டோ ரிகோவும் ஒரே உண்மையை இரு முனைகளிலிருந்து சொல்கின்றன. சாதுவான வகையும் கவனிக்காமல் விட்டால் கெடும். முரட்டு வகையும் ஒரு வட்டாரம் முழுக்கத் தொடர்ந்து தேர்ந்தெடுத்தால் சாதுவாகும்.

இத்தாலியத் தேனீ: பலமும் பாரமும்

இந்தியாவுக்கு இத்தாலியத் தேனீயைக் கொண்டுவர 19-ஆம் நூற்றாண்டிலேயே முயன்றார்கள். வெற்றி கிடைத்தது 1962-64 ஆண்டுகளில். அன்றைய பஞ்சாபின் பகுதியாக இருந்த காங்ரா பள்ளத்தாக்கின் நாக்ரோட்டா பாக்வானில் அட்வால் தலைமையில் அறிவியலாளர்கள் அதை நிலைநிறுத்தினார்கள். இன்று வட இந்தியாவின் கடுகு வயல்களில் நிற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவை.

அதன் பலம் கண்கூடானது. ஒரு கூட்டத்திலிருந்து ஆண்டுக்கு 25 முதல் 40 கிலோ வரை தேன் எடுக்கலாம். அடிக்கடி கூட்டைவிட்டு ஓடிப்போகாது. அடையில் நிதானமாக நிற்பதால் புதியவருக்குப் பார்க்க எளிது. இவ்வளவும் கேட்டால் இதையே வாங்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் வானவடிக்கு அது ஏற்றதாகாததற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, கூட்டத்தின் அளவு. நல்ல பருவத்தில் ஒரு பெட்டியில் 50,000 தேனீக்கள் வரை சேரும். ஒவ்வொரு தேனீயும் சாதுவாக இருந்தாலும், ஒரு நாள் கோளாறு ஆனால் வெளியே வருபவை அதிகம். சிறிய தோட்டத்தில் அந்த எண்ணிக்கையே ஆபத்து.

இரண்டாவது, அந்த 25 முதல் 40 கிலோ தேன் பெட்டியை வயலுக்கு வயல் ஏற்றிச் செல்பவருக்குக் கிடைப்பது. ஓரிடத்தில் நிற்கும் பெட்டிக்குப் புனேயின் மழைமாதங்களில் சர்க்கரைப் பாகு ஊற்றிக் காக்க வேண்டும்.

மூன்றாவது, வரோவா உண்ணி. இது ஆசியாவில் இந்தியத் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்த ஒட்டுண்ணி. இந்தியத் தேனீயின் கூட்டில் அது பெரும்பாலும் ஆண் புழு அறையில் மட்டுமே பெருகும்; பணித் தேனீக்கள் ஒன்றை ஒன்று சுத்தம் செய்து அதை உதிர்த்தும் விடும். இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் குறைவு. உண்ணி பணித் தேனீப் புழுவிலும் பெருகிக் கூட்டத்தையே அழிக்கும். ஃபார்மிக் அமிலம், தைமால் என்று மருந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மலைத்தேனீயிலிருந்து வரும் டிரோபிலேலாப்ஸ் என்ற இன்னோர் உண்ணியும் இதைத் தாக்கும். வானவடிக் கட்டடங்களில் மலைத்தேனீ அடைகளுக்குக் குறைவில்லை.

நான்காவதை அதிகம் யாரும் பேசுவதில்லை. நகரின் நடுவே ஒற்றையாக நிற்கும் இத்தாலியப் பெட்டியின் இளம் ராணிக்கு இணையத் தன் இன ஆண் தேனீக்கள் போதுமான அளவு கிடைக்காது. தன் கூட்டத்து ஆண்களோடே இணைந்தால் அடையில் புழு அறைகள் ஓட்டை ஓட்டையாக வெறுமையாகும், கூட்டம் நலியும். இந்தியத் தேனீயின் ஆண்களோடு இணைந்தாலும் பயனில்லை; அந்தக் கலப்பு முட்டைகள் வளர்வதில்லை. ஆகவே ஆண்டுதோறும் வெளியிலிருந்து ராணி வாங்க வேண்டும். புறநகரில் மாதுளையும் வெங்காய விதையும் பயிரிடுகிற, பல பெட்டிகள் வைக்கிற விவசாயிக்கு இது பொருந்தும். மொட்டை மாடியில் இரண்டு பெட்டி வைக்கிறவருக்குப் பொருந்தாது.

இந்தியத் தேனீ: மண்ணின் தேனீ

இந்தியத் தேனீயைக் கழற்றி எடுக்கும் மரச்சட்டங்கள் கொண்ட பெட்டிக்குப் பழக்கிய வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 1910-களில் நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் இந்தச் சிறிய தேனீக்கு ஏற்ற அளவில் ஒரு பெட்டியை வடிவமைத்தார். புழுக்கள் வளரும் கீழ் அடுக்கில் ஏழு சட்டங்கள் கொண்ட அந்த நியூட்டன் பெட்டி இன்றும் தென்னிந்தியாவில் புழக்கத்தில் இருக்கிறது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம சீரமைப்பு மையம் பெட்டித் தேனீ வளர்ப்பைக் குமரி மாவட்ட வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. மார்த்தாண்டத்தில் வீட்டுக் கொல்லையிலேயே பெட்டிகளை வைத்து வளர்க்கிறார்கள். பிள்ளைகள் அவற்றைச் சுற்றி ஓடியாடி வளர்கிறார்கள். வீட்டோடு ஒட்டி வாழக்கூடிய தேனீ என்பதற்கு இந்தியத் தேனீ பெற்ற நற்சான்று அது.

மகாராஷ்டிரத்தில் அந்த இடம் மகாபலேஷ்வருக்கு. புனேயிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த மலையில் சாத்தேரி வளர்ப்பு பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. நாவல், கடுக்காய், எட்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டாகப் பூக்கும் கார்வி ஆகியவற்றின் தேன் அங்கே பெயர் பெற்றது. அந்த வட்டாரத்து மாங்கர் கிராமம் 2022 மே மாதத்தில் நாட்டின் முதல் தேன் கிராமமாக அறிவிக்கப்பட்டது. புனே நகரிலேயே காதி கிராமத் தொழில் ஆணையத்தின் மத்திய தேனீ ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிலையம் 1962 நவம்பர் 1 முதல் இயங்குகிறது. வானவடியிலிருந்து கணேஷ்கிண்ட் சாலைக்குப் போய்வரும் தூரத்தில் இப்படி ஒரு நிலையம் இருப்பது பெரிய வாய்ப்பு. வளர்க்க நினைப்பவர் பெட்டி வாங்கும் முன் அங்கே பயிற்சி பெறுவது நல்லது.

இனி குணத்துக்கு வருவோம். நன்றாக வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் கூட்டம் எளிதில் கொட்டாது. கொட்டினாலும் நஞ்சு குறைவு. கூட்டத்தின் எண்ணிக்கை இத்தாலியக் கூட்டத்தில் பாதியோ அதற்கும் கீழோதான். ஆனால் அது பதற்றக்காரத் தேனீ. மூடியைத் திறந்ததும் அடையில் இங்கும் அங்கும் ஓடும்; சட்டத்தின் கீழ் நுனியில் கொத்தாகத் தொங்கும். புதியவர் இந்த ஓட்டத்தைக் கோபம் என்று நினைத்துப் பயப்படுகிறார். இரண்டும் வேறு. ஐரோப்பாவில் ராணித் தேர்வு செய்பவர்கள் கொட்டாத் தன்மைக்கும் அடைமேல் நிலைத்து நிற்கும் தன்மைக்கும் தனித்தனியாக 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் நல்ல சாத்தேரிக் கூட்டம் முதலாவதில் உயர்வாகவும் இரண்டாவதில் தாழ்வாகவும் நிற்கும். அக்கம்பக்கத்தாருக்கு முக்கியம் முதலாவதுதான்.

அதன் உண்மையான குறை, கூட்டைக் கைவிட்டு ஓடிப்போவது. உணவு தீர்ந்தாலும், எறும்பும் மெழுகு அந்துப்பூச்சியும் புகுந்தாலும், வெயில் தாங்காவிட்டாலும், பெட்டியை அடிக்கடி திறந்து தொல்லை கொடுத்தாலும் ஒரு நாள் எல்லாமே போய்விடும். ஆண்டுக்குக் கிடைக்கும் தேனும் 3 முதல் 8 கிலோதான். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

நோயும் உண்டு. 1991-92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, புழுக்களைப் பை போல வீங்கச் செய்து, பெரும்பான்மைக் கூட்டங்களை அழித்தது. மார்த்தாண்டத்தில் வரிசை வரிசையாகப் பெட்டிகள் காலியாயின. பலர் தொழிலையே விட்டார்கள். ஆனால் தப்பிய கூட்டங்களிலிருந்து பிரித்துப் பிரித்துப் பெருக்கி, சில ஆண்டுகளில் வளர்ப்பு மீண்டது. வெளிநாட்டு ராணி எதுவும் வந்து அதை மீட்கவில்லை. ஊர்த் தேனீயில் தாங்கி நின்றதைத் தேர்ந்தெடுத்ததுதான் மீட்டது. நோய்க்குப் பலித்த இந்த வழி குணத்துக்கும் பலிக்கும்.

கொசுத் தேனீ: பால்கனிக்கு உரியது

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, அல்லது தேனீ கொட்டினால் ஒவ்வாமை வரும் ஒருவர் இருக்கிறார் என்றால், கொசுத் தேனீயைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அதற்குக் கொட்டத் தெரியாது. கூட்டைக் கலைத்தால் முடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். மெழுகையும் பிசினையும் சேர்த்துக் குழாய் போன்ற வாயில் கட்டும். தேனைச் சிறு சிறு குடுவைகளில் சேர்க்கும். கேரளத்தில் மூங்கில் குழாயிலும் மண்பானையிலும் மரப்பெட்டியிலும் இதைப் பல வீடுகளில் வளர்க்கிறார்கள்.

தேன் சில நூறு கிராம் மட்டுமே. சற்றுப் புளிப்பு, விலை அதிகம். ஆனால் கூட்டை விட்டு எளிதில் ஓடாது; சில நூறு மீட்டருக்குள்ளேயே பறப்பதால் மாடித் தோட்டத்துத் துளசி, கத்தரி, மிளகாய், வெள்ளரிக்கு நல்ல மகரந்தச் சேர்க்கை கிடைக்கும். தேனைவிடத் தோட்டத்தை நினைப்பவருக்கு இதுவே முதல் தேர்வு.

பருவமும் கையும்

எந்த இனமானாலும் குணம் ஆண்டு முழுதும் ஒரே மாதிரி இராது. பூ நிறைந்திருக்கும்போது தேனீ தன் வேலையில் மூழ்கியிருக்கும், காவல் தளரும். பிப்ரவரி முதல் மே வரையிலும், மழை முடிந்த அக்டோபர், நவம்பரிலும் புனேயின் கூட்டங்கள் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். ஜூனில் மழை பிடித்ததும் உணவு குறையும், மற்றக் கூட்டங்கள் வந்து தேனைத் திருடப் பார்க்கும், காவல் இறுகும். அதே பெட்டி ஏப்ரலில் கொட்டாமல் இருந்து ஆகஸ்டில் கொட்டும். இதைப் பார்த்துவிட்டு இனத்தைக் குறை சொல்லக் கூடாது. மழைமாதத்தில் மாலையில், பெட்டிக்குள்ளேயே, சிந்தாமல் சர்க்கரைப் பாகு கொடுத்தால் பசியும் தணியும், எரிச்சலும் தணியும்.

கையும் முக்கியம். மேகமூட்டமும் மழையும் இல்லாத காலை நேரத்தில் மட்டும் திறக்க வேண்டும். வெளிர் நிற உடை, முகவலை, தேங்காய் நார் போட்ட புகைப்பான், மெதுவான அசைவு ஆகியவை அடிப்படை. வாசனைத் தைலமும் வியர்வை நாற்றமும் கூடாது. தேனீயை நசுக்கினால் அந்த எச்சரிக்கை மணம் வந்துவிடும். காரணமில்லாமல் வாரத்துக்கு இருமுறை திறந்து பார்ப்பவரின் கூட்டம் முதலில் எரிச்சலாகும், பிறகு ஓடிப்போகும்.

கூட்டத்தைப் பார்த்து வாங்குவது எப்படி?

இனத்தை முடிவு செய்த பிறகு கூட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்கள் வாங்க ஏற்றவை. முன்னால் பூக்காலம் நீண்டு கிடக்கும். விற்பவரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரே பார்வையில் முடிவு செய்யாமல், இன்னொரு நாள், முடிந்தால் உணவு குறைந்த காலத்திலும் போய்ப் பார்ப்பது சிறந்தது.

பெட்டிக்கு இரண்டடி தள்ளி வாயிலின் பக்கவாட்டில் நின்றால் தேனீ முகத்துக்கு நேரே வந்து முட்டுகிறதா? மூடியைத் திறந்ததும் எத்தனை தேனீ கைக்கு மேல் எழும்புகிறது? மூடிய பிறகு நடந்து போனால் எவ்வளவு தூரம் பின்தொடர்கிறது? மூன்றாவது கேள்விதான் குடியிருப்புப் பகுதிக்கு மிக முக்கியம். பெட்டியருகே கொட்டும் தேனீயைத் தவிர்க்கலாம். தெருமுனை வரை பின்தொடரும் தேனீயைத் தவிர்க்க முடியாது. பத்து, பதினைந்து அடியில் விட்டுவிடும் கூட்டமே வீட்டுக்கு உகந்தது. கூடவே, புழு அடை ஓட்டையில்லாமல் நிறைந்திருக்கிறதா, கூட்டம் முன்பு ஓடிப்போன வரலாறு உண்டா, இந்த ராணி எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கும் வளர்ப்பாளரிடமே வாங்க வேண்டும்.

தொலைவிலிருந்து வாங்கவும் வேண்டாம். குமரியின் தேனீ குமரியின் பருவத்துக்குப் பழகியது. புனே, மகாபலேஷ்வர் வட்டாரத்துச் சாத்தேரி இங்குள்ள வெயிலையும் மழையையும் அறிந்தது. சுவர் இடுக்கிலிருந்தோ மரப்பொந்திலிருந்தோ பிடித்த கூட்டமும் நல்லதாக அமையலாம். ஆனால் அதன் குணம் தெரியும் வரை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் சில வாரங்கள் வைத்துப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இடமும் அக்கம்பக்கமும்

சாதுவான கூட்டமும் தவறான இடத்தில் சண்டைக்காரக் கூட்டமாகும். வாயில் பாதையைப் பார்க்கக் கூடாது. முன்னால் ஆள் உயரத்துக்குச் செடிவேலியோ மதிலோ இருந்தால் தேனீக்கள் உயரே எழும்பித் தலைக்கு மேலே பறந்துபோகும். பெட்டியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பக்கத்தில் கல் போட்ட தண்ணீர்த் தட்டு வைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் குழாயடிக்குப் போகும். இரவில் பெட்டிக்கு நேரே எரியும் விளக்கு இருக்கக் கூடாது. விளக்குக்கு வந்து தரையில் விழும் தேனீயை வெறுங்காலோடு மிதிப்பவர் குழந்தையாகத்தான் இருப்பார். கொசுமருந்துப் புகை அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, தேனீக்கள் அடங்கிய பிறகு வாயிலை அடைத்து, காற்றோட்டம் விட்டு வைக்க வேண்டும்.

குடியிருப்புச் சங்கத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதமும், அண்டை வீட்டாரில் தேனீ ஒவ்வாமை உள்ளவர் யார் என்ற விசாரணையும் பெட்டி வரும் முன்பே முடிய வேண்டும். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்து எடுக்க வேண்டும். மூச்சுத் திணறலோ உடல் முழுதும் தடிப்போ வந்தால் நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலைத்தேனீயையும் மறந்துவிடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியடியில் தொங்கும் ஆக்யா அடை யாரையாவது கொட்டினால், பழி தோட்டத்துப் பெட்டியின் மேல் விழும். பூச்சிக்கொல்லி அடித்து அதைக் கொல்லச் சொல்லும் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில், தேனீ வளர்ப்பவர் எழுந்து பேச வேண்டும். அடை பெரும்பாலும் மழைக்கு முன் தானே காலியாகும்; அவசரமென்றால் கொல்லாமல் இடம் மாற்றத் தெரிந்தவர்கள் புனேயில் இருக்கிறார்கள்.

முடிவு

ஆக, வானவடியில் தோட்டமோ மாடியோ உள்ளவருக்கு விடை தெளிவானது. கொட்டே கூடாது என்ற வீட்டுக்குக் கொசுத் தேனீ. கொஞ்சம் பழகத் தயாரானவருக்கு, இந்த வட்டாரத்திலேயே பார்த்து வாங்கிய சாதுவான சாத்தேரிக் கூட்டம். பரந்த நிலமும் பல பெட்டிகளும் முழுநேர உழைப்பும் உள்ளவருக்கு மட்டும் இத்தாலியத் தேனீ.

ஆனால் இந்தத் தேர்வு ஒரு முறை வாங்கியதோடு முடிவதில்லை. கூட்டம் பிரியும் பருவத்தில் எந்தப் பெட்டியிலிருந்து ராணி எடுப்பது என்பதே வளர்ப்பவர் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பெரிய முடிவு. தேன் கூடுதலாகத் தந்த பெட்டி என்பதற்காக முரட்டுக் கூட்டத்தைப் பிரித்துப் பெருக்கினால், அதன் ஆண் தேனீக்கள் வட்டாரம் முழுக்கக் கலக்கும். கெடுவது எல்லோருடைய பெட்டியும்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, திறக்கும்போதெல்லாம் அதன் குணத்தைக் குறித்து, சாதுவான கூட்டத்திலிருந்து மட்டும் ராணியைப் பெருக்கி, எரிச்சலான கூட்டத்தின் ஆண் புழு அடையை வெட்டி எறிந்து, நல்ல ராணியைப் பக்கத்துத் தெருக்காரருக்கும் கொடுத்தால், தந்தையர் பக்கமும் மெல்ல மெல்லச் சீராகும். ஒரு தீவில் மனிதர்கள் திட்டமிடாமலே நடந்ததை, ஒரு பேட்டையின் பத்துப் பதினைந்து தேனீ வளர்ப்பாளர்கள் திட்டமிட்டுச் செய்ய முடியும். சாதுவான தேனீயைக் கடையில் தேடுவதைவிட அதை வானவடியிலேயே வளர்த்தெடுப்பது நிச்சயமான வழி. அதைத் தொடங்க இரண்டு நல்ல சாத்தேரிப் பெட்டிகளும் அவற்றைப் பொறுமையாகக் கவனிக்கிற ஒருவரும் போதும்.